வாயில் விளைந்த கற்கள்

சங்குமேட்டுக்குப்பத்தில் மனிதர்களின் வாயிலிருந்து கல் விழ ஆரம்பித்த வருஷத்தில் பூங்காவனத்துக்கு முப்பத்தாறு வயசு, மீன்கூடை தூக்கித் தூக்கி உச்சந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மயிர் தேய்ந்திருந்தது, புருஷன் நாகமுத்து இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு பைபர் படகு ஓட்டிக்கொண்டிருந்தான், பிள்ளை கிடையாது, ஆனால் அந்த வீட்டில் பேச்சுக்கு மட்டும் ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. சந்தையில் அவள் வாயைத் திறந்தால் எதிர்க்கடை வாழைப்பழக்காரன் தராசைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பான். அப்பேர்ப்பட்டவளுக்கும் வாயில் கல் விளைந்தது என்றால், மற்றவர்களைப் பற்றி நான் என்னத்தைச் சொல்ல.

முதல் கல் கோதண்டத்துக்குத்தான் வந்தது. அவன் வலை பின்னுகிறவன், சாது. ஆடி மாசத்து ஊர்க்கூட்டத்தில் வலை காயவைக்கும் இடத்தைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, மணலில் பரப்பாமல் நாலு மூங்கில் நட்டு உயரத்தில் கட்டினால் என்ன என்று அவனுக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது, வந்தது தொண்டை வரைக்கும் ஏறியிருக்கிறது, ஏறினதை எச்சிலோடு சேர்த்து அவன் கீழே தள்ளியிருக்கிறான், தள்ளின நிமிஷத்தில் நாக்குக்கு அடியில் என்னவோ உருண்டது. பல் உடைந்துவிட்டது என்று நினைத்துக் கையில் துப்பினான். புளியங்கொட்டை பருமனில், வழவழவென்று, கறுப்பாக ஒரு கல். பக்கத்தில் இருந்தவன் குனிந்து பார்த்தான், அரிசியில் கிடந்திருக்கும் என்றான், கூட்டம் மேற்கொண்டு நடந்தது.

அந்த ஊரில் கூட்டத்துக்கென்று ஒரு முறை உண்டு. சமுதாயக் கூடத்து வாசலில் நாற்காலி போட்டுப் பெரிய நாட்டார் ரத்தினசபாபதி உட்காருவார், ஊருக்குத் தலைவர் அவர், அவர்தான் முதலில் பேசுவார். அவர் பேசி முடித்ததும் மூத்த குடும்பத்திலிருந்து கடைசிக் குடும்பம் வரைக்கும் வரிசையாக ஒவ்வொருத்தனும் எழுந்து, தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, “பெரியவங்க சொன்னா சரிதான்” என்று சொல்லிவிட்டு உட்காருவான். பெண்கள் வலைக்குவியலுக்கு அந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்து கேட்கலாம், பேசுவதற்கில்லை. வேறு மாதிரி பேசக்கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைத்திருந்தாலாவது யாராவது ஒரு குடிகாரன் அழித்திருப்பான். நாட்டாரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றாலும் அவர் வீட்டிலிருந்து ஒரு குண்டான் சோறு போகும், அவருடைய அப்பாவும் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் முதலில் பேசினார், முதலில் பேசுகிறவன் தப்பாகப் பேச முடியாது என்பது அவருக்கு முந்தியே ஊருக்குத் தெரிந்த விஷயம்.

ஆவணியில் ஏழு பேருக்குக் கல் வந்தது, புரட்டாசியில் முப்பது பேருக்கு, ஐப்பசி மழை விடுவதற்குள் பால் குடிக்கிற குழந்தைகளையும் கிழக்குத் தெருப் பைத்தியத்தையும் தவிர எல்லோருக்கும் வந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சிறுநீரகத்தில் கல் வரும், பித்தப்பையில் கல் வரும், வாயில் வந்தால் துப்புவதற்குச் சௌகரியம்தானே என்று சொல்லித் தக்காளியைக் குறைக்கச் சொன்னார். தக்காளியைக் குறைத்தார்கள். குழம்பு கெட்டதுதான் மிச்சம், கல் நிற்கவில்லை. கொஞ்ச நாளில் அது வழக்கமாகிவிட்டது. கொட்டாவி வந்தால் வாயை மறைப்பதைப் போல, கூட்டத்தில் கல் வந்தால் துண்டு நுனியை வாய்க்கு நேரே பிடித்து, ஓசைப்படாமல் வாங்கி, இடுப்பில் தொங்கும் சுருக்குப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஓசைப்படுத்தித் துப்புகிறவனை வளர்ப்பு சரியில்லாதவன் என்றார்கள்.

அப்புறம் அதில் மரியாதையும் வந்து ஒட்டிக்கொண்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் நிறம் கேட்டார்கள், சமையல் கேட்டார்கள், மூன்றாவதாகக் கல் கேட்டார்கள். “எங்க பொண்ணு மாசத்துக்கு ஒரு மரக்கா கல்லு தருவா, வாயத் தொறந்து பாத்தவங்க கிடையாது” என்று பெண்ணைப் பெற்றவள் பெருமையாக முறத்தில் பரப்பிக் காட்டினாள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த பள்ளிக்கூடத்து வாத்தியார், இதென்ன அநியாயம், பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள் என்று ஆறு மாசம் குதித்தார். ஏழாவது மாசம் தலைமையாசிரியர் கூட்டிய கூட்டத்தில் எதையோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டார், கொண்டைக்கடலை அளவில் ஒன்று விழுந்தது, அன்றிலிருந்து அவரையும் ஊர்க்காரராகச் சேர்த்துக்கொண்டு திருவிழாவுக்கு வரி வாங்கினார்கள்.

ஒன்று மட்டும் யாரும் செய்யக்கூடாது. முழுங்கினது என்ன என்று கேட்கக்கூடாது. ஒருத்தன் பொண்டாட்டியைக் கேட்டாலும் தப்பு, தாய் மகனைக் கேட்டாலும் தப்பு. புதுசாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் தெரியாமல் புருஷனிடம் கேட்டுவிட்டு மூன்று மாசம் பிறந்த வீட்டில் கிடந்தாள். மற்றபடி எதையும் கேட்கலாம், யாரையும் ஏசலாம். இது வேடிக்கை, ஏச்சுப்பேச்சுக்கும் சண்டைக்கும் பொறாமைக்கும் கல் வருவதே இல்லை, அதெல்லாம் தாராளமாக வெளியே வந்துவிடுகிற சரக்கு. இதுவரைக்கும் யாரும் சொல்லாத ஒன்று தோன்றி, அதைச் சொல்லாமல் விட்டால்தான் கல். பூங்காவனம் இதைச் சந்தையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் தொண்டை கிழியக் கத்தியும் ஒரு கடுகு கூட விழாது. வீட்டுக்கு வந்து, மீனைத் தலையில் சுமந்து போவதற்குப் பதிலாக எல்லாப் பெண்களும் சேர்ந்து ஒரு வண்டி பிடித்தால் என்ன என்று நினைத்து, மாமியார் முகத்தைப் பார்த்து வாயை மூடினால் உடனே நெல்லிக்காய் அளவில் ஒன்று. மாமியார் செத்தும் போனாள், கல் நிற்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. கடலுக்குள் போய்விட்டால் கல் வராது. நாலு ஆள் ஆழம் தாண்டினால் ஆண்கள் என்னென்னவோ பேசுவார்களாம், ஒருத்தன் சொன்னதை மற்றவன் அறுத்து எறிவானாம், சிரிப்பார்களாம், புதுசு புதுசாகத் தூண்டில் போடுவார்களாம். கரை கண்ணுக்குத் தெரிந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாயைத் துடைத்துக்கொள்வார்கள். நாகமுத்து இதைப் பூங்காவனத்திடம் சொன்னதில்லை, அவளாகத்தான் தெரிந்துகொண்டாள், ஏனென்றால் நல்ல மீன் கிடைத்த நாளைவிட நன்றாகப் பேசிய நாளில்தான் அவன் முகம் தெளிவாக இருக்கும்.

கற்களை என்ன செய்வது என்று முதல் வருஷமே கேள்வி எழுந்தது. யாரோ ஒருத்தன், கடலில் கொட்டிவிடலாமா என்று கேட்டான், கேள்விதான், யோசனைகூட இல்லை. நாட்டார் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். “இது ஊரோட அடக்கம். அடக்கத்தக் கொண்டுபோய்க் கடல்ல போடறதாவது? கூடத்துக்குப் பின்னாடி குவிச்சு வைங்க” என்றார். பெரியவர் சொன்னால் சரிதான். ஒன்பது வருஷத்தில் அது குவிந்து குவிந்து சமுதாயக் கூடத்தின் கூரையைத் தாண்டிவிட்டது, மழைக்காலத்தில் ஆடுகள் அதன்மேல் ஏறி நின்றன, அமாவாசைக்கு அமாவாசை அதற்குச் சூடம் கொளுத்தினார்கள்.

அந்த ஒன்பது வருஷத்தில்தான் முகத்துவாரமும் கெட்டது. ஊருக்குத் தெற்கே ஆறு கடலில் சேருகிற இடம் அது, படகெல்லாம் அந்த வாய் வழியாகத்தான் போகவேண்டும், வரவேண்டும். தெற்கேயிருந்து வருகிற நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து அங்கே திட்டாகச் சேர்த்தது, திட்டின்மேல் அலை எழும்பி உடைந்தது, திரும்பி வருகிற படகு அதில் மாட்டினால் தலைகீழ்தான். முதலில் ஒரு படகு போனது, பிறகு இரண்டு, கோதண்டத்தின் தம்பிக்கு இடுப்பு முறிந்தது, தனபாக்கியத்தின் புருஷன் உடம்பு மூன்றாம் நாள் நண்டு தின்றது போக மிச்சம் கிடைத்தது. பூங்காவனத்துக்கு இருந்தது அந்த ஒரு மனுஷன்தான். அவன் அந்த வாயைத் தாண்டி உள்ளே வந்துவிட்டான் என்று தெரிகிற வரைக்கும் அவள் சந்தைக்குக் கிளம்பமாட்டாள்.

கல் போட்டுத் தூண்டில் வளைவு கட்டிக் கொடுங்கள், கடலுக்குள் நீட்டின கற்சுவர் இருந்தால் மணல் வராது என்று ஊர் வருஷாவருஷம் சர்க்காருக்கு மனு எழுதியது. அந்த வருஷம் தை மாசத்தில் முதல்முறையாகப் பதில் வந்தது. ஊரே கூடியது. வாத்தியார் எழுந்து சத்தமாக வாசித்தார்: “தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. தற்போது போதிய கல் கையிருப்பில் இல்லாத காரணத்தால், பணியை மேற்கொள்ள இயலாத நிலை உள்ளது என்பது தெரிவிக்கப்படுகிறது.”

வாசித்து முடித்தார். கூடத்துக்குப் பின்னால் மலை மாதிரி கல் நிற்கிறது, அதன் நிழல் வாத்தியாரின் காகிதத்தின்மேல் விழுகிறது, ஆயிரம் கண் அதைப் பார்க்கிறது. ஒரு சின்னக் குழந்தை மட்டும் அதைக் கைகாட்டிக் கெக்கெக்கே என்று சிரித்தது, தாய் அதன் வாயைப் பொத்தினாள். நாட்டார் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். “கல்லு வந்ததும் போட்டுத் தர்றேன்னுதானே சொல்லியிருக்கான். இன்னொரு மனு எழுதுவோம். கடலாத்தாளுக்குப் பொங்கலும் வைப்போம்” என்றார்.

பெரியவர் சொன்னால் சரிதான், பெரியவர் சொன்னால் சரிதான் என்று வரிசையாக எழுந்து உட்கார்ந்தார்கள், அன்றைக்கு ஊர் கக்கிய அளவு கல்லை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. சுருக்குப்பை கிழிந்தது. துண்டை மறைப்பாகப் பிடிக்க நேரமில்லாமல் ஆண்கள் குப்புறக் கவிழ்ந்து ஓங்கரித்தார்கள். வலைக்குவியலுக்கு இந்தப் பக்கம் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். “அடப் பாவிங்களா, கல்லுதான் இங்க இருக்கே!” என்பது அவளுக்குத் தொண்டையில் வந்து குறுக்காக நின்றது. எழுந்து நிற்கக்கூட நின்றாள். தொண்ணூறு பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், அந்தப் பார்வையில் கோபம் கிடையாது, உட்காரடி, உனக்கு மட்டும் என்ன என்கிற களைப்புதான். உட்கார்ந்தாள். தேங்காய் பருமனில் ஒரு கல் அவள் கடைவாயைக் கிழித்துக்கொண்டு மடியில் விழுந்தது.

அன்று சாயங்காலம் நாகமுத்துவுக்குச் சோறு போட்டாள். அவன் உதட்டிலும் ரத்தம் கட்டியிருந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, காரம் பட்டு எரிகிற வாயால் மென்றார்கள்.

“என்னமோ சொல்ல வந்தியே?” என்றான் அவன்.

“நானா? நான் ஒண்ணும் சொல்ல வரல. நீதான் சொல்ல வந்த மாதிரி இருந்துச்சி.”

“இல்லியே.”

“குழம்புல உப்பு கம்மியா?”

“சரியாத்தான் இருக்குது.”

வீட்டுக்குள் சொன்ன சொல்லும் வாசலைத் தாண்டும், தாண்டினால் நாட்டாரை மீறின வீடு என்று பேர் வரும், பேர் வந்தால் அவன் படகுக்கு ஆள் வரமாட்டார்கள் என்று அவள் பயந்தாள். பொண்டாட்டியை ஊர் வாயில் போடக்கூடாது என்று அவன் பயந்திருப்பான். ஆளுக்கொரு கல்லைத் தட்டு ஓரத்தில் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு எழுந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், ஊர் முழுக்கக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நாகமுத்துவின் படகு முகத்துவாரத்துக்கு வந்தது. ஒரு அலை அதைத் தூக்கியது, அடுத்த அலை திருப்பியது, மூன்றாவது அலை கவிழ்த்தது. மூன்று தலை மேலே வந்தது. பூங்காவனம் நாலாவது தலைக்காகக் காத்திருந்தாள். யாராரோ அவளைப் பிடித்துக்கொண்டார்கள், அவள் பிடிக்கச் சொல்லவில்லை, ஓடவும் இல்லை, கழுத்தை நீட்டி நீட்டித் தண்ணீரையே பார்த்தாள். மத்தியானம் இழுத்துக்கொண்டு வந்து மணலில் போட்டபோது அவன் வாய் திறந்திருந்தது, உள்ளே மணல் இருந்தது, அவள் முந்தானையால் துடைத்துத் துடைத்து எடுத்தாள்.

அந்த ஊரில் செத்த வீட்டில் பதினாறு நாளும் காலையில் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். பத்தாம் நாள்வரைக்கும் பூங்காவனம் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் அவளுக்காக அழுதார்கள், அவள் அவர்கள் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தாள், கடைவாய்க் காயம் ஆறி வடுவாகிக்கொண்டிருந்தது. பதினோராம் நாள் அழுது முடித்துவிட்டுத் தனபாக்கியம் எழுந்திருக்கும்போது பூங்காவனம் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“மனு வாசிச்ச அன்னிக்கு நீ முழுங்கினது என்ன?”

தனபாக்கியத்துக்கு முகம் செத்துவிட்டது. “அய்யய்யோ, என்னா கேக்கற நீ?”

“என் புருஷன் போய்ட்டான். உன் புருஷனும் போய்ட்டான். இனிமே நம்மள யாரு எந்த வீட்டுக்கு அனுப்பிவெக்கப் போறாங்க? சொல்லு.”

தனபாக்கியம் வாசலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பிறகு காதோடு சொன்னாள். கல்லைச் சும்மா கொட்டினால் அலை இழுத்துப் போய்விடும், கிழிந்த வலையில் அள்ளிப் பொதி பொதியாகக் கட்டிப் போட்டால் நிற்கும், அதைத்தான் சொல்ல நினைத்தாளாம். ஒப்பாரிக்கு வந்த எல்லம்மாவைக் கேட்டாள். எல்லம்மா அழுதுகொண்டே மணலில் விரலால் போட்டுக் காட்டினாள், நேராகப் போடக்கூடாது, கருக்கரிவாள் மாதிரி வளைத்துப் போடவேண்டும், அவள் பிறந்த ஊரில் ஆற்றுக்கு அப்படித்தான் அணை கட்டுவார்கள். கோதண்டம் வெற்றிலை கொடுக்க வந்தான், அவனையும் கேட்டாள். இரண்டு படகைச் சேர்த்துக் கட்டி நடுவில் பலகை போட்டால் பொதியை ஏற்றிக்கொண்டு போகலாம் என்பது அவனுடையது. பூங்காவனம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். கல் தன்னிடம், வலை இவளிடம், வளைவு அவளிடம், படகு அவனிடம், எல்லாம் ஒரே கூட்டத்தில், ஒருவர் மூச்சு ஒருவர்மேல் படுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தது.

கடைசியாக, நாகமுத்துவோடு படகில் போய் உயிர்தப்பின குமாரசெல்வம் வந்தான். கதவோரம் நின்றான். அவள் கேட்பதற்கு முன்னாலேயே அவன் சொல்லத் தொடங்கிவிட்டான், அவனால் தாங்க முடியவில்லை.

“அண்ணன் எடத்தையே கண்டுபிடிச்சி வெச்சிருந்துச்சி அண்ணி. தென்கரையில, இடிஞ்ச ஐஸ் கம்பெனி செவுத்துக்கு நேரா, அங்கதான் நீரோட்டம் திரும்புதுன்னு ஈயக்குண்டு விட்டுப் பாத்து வெச்சிருந்துச்சி. கடல்ல நாங்க தெனமும் அதத்தான் பேசுவோம். அன்னிக்குக் காலையிலகூட, ‘நம்மளால சொல்ல முடியாதுடா, பூங்காவனத்துக்குத்தான் வாய் இருக்கு, இன்னிக்குப் போயி அவகிட்ட சொல்லிடறேன், அவ கேட்டுடுவா ஊர’ன்னு சொன்னிச்சி. சொல்லி ஒரு மணி நேரம்தான் அண்ணி இருக்கும்.”

பூங்காவனம் அவனைப் போகச் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல், தலையைச் சுவரில் முட்டி முட்டி அழுதாள். பன்னிரண்டு நாள் எதிரெதிரே உட்கார்ந்து தின்றிருக்கிறார்கள். அவன் அவள் வாயை நம்பியிருக்கிறான், அவள் அந்த வாயை அவனுக்காகவே மூடிவைத்திருக்கிறாள். இதைவிட ஒருத்தி எப்படித் தோற்பாள்?

பதினாலாம் நாள் துக்கம் கேட்க நாட்டாரே வந்தார். நாற்காலி வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தார்.

“பெரியவரே, அன்னிக்கு நீங்க எழுந்து உட்கார்ந்து மறுபடி எழுந்தீங்களே. நீங்க முழுங்கினது என்ன?”

“கேக்கக் கூடாததக் கேக்கறம்மா.”

“கேட்டுட்டேன்.”

கிழவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். “கல்லக் கடல்ல போடக்கூடாதுன்னு ஒம்போது வருஷம் முன்னாடி நான் சொன்னேன் பாரு, அது தப்பு. அதத்தான் முழுங்கினேன். ஒவ்வொரு பொணம் கரைக்கு வரும்போதும் அதத்தான் முழுங்கறேன்.”

“இப்ப சொல்லுங்களேன். ஊரக் கூட்டிச் சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்.”

“நான் சொன்னத நானே தப்புன்னு சொன்னா, அப்புறம் இந்த ஊர்ல எவன் சொல்லுக்கு என்னம்மா மதிப்பு? ஊரு சிதறிப் போயிடும். எங்கப்பன் அப்படித்தான் சொல்லிட்டுப் போனாரு” என்றார். சொல்லும்போதே அவர் வாயிலிருந்து ஒன்று விழுந்து தரையில் உருண்டது. வெட்கப்பட்டு அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போனார்.

பெண்களிடம் கேட்டாள், வாருங்கள், எல்லோருமாகக் கூட்டத்தில் போய்ச் சொல்லுவோம் என்று. பதினாறு கழியாத துக்கக்காரி கூடத்து நிழலை மிதிக்கக்கூடாது, நீ பாட்டுக்கு அழு, அழுகையில் என்ன சொன்னாலும் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்றாள் எல்லம்மா. சொல்லிவிட்டுத் தன் வாயையே கையால் பொத்திக்கொண்டாள். பூங்காவனம் அவளை உற்றுப் பார்த்தாள்.

பதினாறாம் நாள் கருமாதி. நாட்டாரிலிருந்து கடைசிக் குடும்பம் வரைக்கும் ஊர் பூராவும் வாசலில் பந்தலுக்கடியில் நின்றது. பெண்கள் வட்டம் கட்டினார்கள். பூங்காவனம் தலைமுடியை அவிழ்த்துவிட்டாள், மாரில் ஓங்கி ஒரு அடி அடித்தாள், சந்தையில் கேட்ட அந்தப் பழைய குரல் பதினாறு நாளுக்குப் பிறகு வெளியே வந்தது.

“மலையாக் குவிஞ்ச கல்லு – என் ராசா
மண்டபத்துப் பின்னிருக்க
அலையில நீ சாஞ்சதென்ன – என் ராசா
ஆளில்லாத சீமையிலா

கிழிஞ்ச வலையெடுத்து – என் ராசா
கல்லள்ளிப் பொதிகட்டி
ரெட்டப் படகு கட்டி – என் ராசா
எடுத்துப்போய் இறக்கிவெச்சி

ஐசு கம்பெனிக்கு – என் ராசா
நேராக் கருக்கருவா
வளைவாப் போட்டிருந்தா – என் ராசா
வந்திருப்ப வீடுதேடி

முந்திச் சொன்ன சொல்லு – என் ராசா
தப்புன்னு சொல்லிவர
நாவு ஒண்ணு இல்லாம – என் ராசா
நாதியத்துப் போனியே”

ஒன்றையும் மறைக்கவில்லை. யார் வாயில் எது இருந்ததோ அதையெல்லாம் எடுத்துப் பந்தலுக்கடியில் கொட்டிவிட்டாள். பாடி முடித்து நிமிர்ந்து ஊரைப் பார்த்தாள். ஊர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தது. கோதண்டம் பந்தக்காலைக் கட்டிக்கொண்டு கதறினான். நாட்டார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். “யம்மா, என்னமா அழுவுறா! கல்லும் கரையும்டி” என்றார்கள். “என் வயசுக்கு இப்படி ஒரு ஒப்பாரி கேட்டதில்ல” என்றாள் வயசான ஒருத்தி. நாலு பேர் வந்து பூங்காவனத்தின் தலையைத் தடவிக் கொடுத்தார்கள்.

மறுநாள் ஊர்க்கூட்டம். துக்கம் கழிந்துவிட்டதால் பூங்காவனம் வலைக்குவியலுக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள், சொல்லியாகிவிட்டது, எல்லோரும் கேட்டாகிவிட்டது, இனி என்ன செய்வார்கள் என்று பார்க்கவேண்டும். நாட்டார் எழுந்தார். “பூங்காவனத்தோட துக்கம் ஊரோட துக்கம். இந்தத் தடவ மனுவ ரெண்டு பேருக்கு அனுப்புவோம்” என்றார். பெரியவர் சொன்னால் சரிதான். மூத்த குடும்பம் எழுந்தது, அடுத்த குடும்பம் எழுந்தது. அவள் ஓங்கரிப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். ஒருத்தனுக்கும் கல் வரவில்லை. கடைசிக் குடும்பம்வரைக்கும் வரவில்லை. சொல்லாமல் இருந்தால்தானே கல் வரும், அதைத்தான் அவள் சொல்லிவிட்டாளே. ஆண்கள் ஆச்சரியத்தோடு நாக்கால் வாயைத் துழாவிப் பார்த்தார்கள், வாய் லேசாக இருந்தது, மனசும் லேசாக இருந்தது, வெகு நாளைக்கப்புறம் பக்கத்தில் உட்கார்ந்தவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள்.

பூங்காவனம் மட்டும் மணலிலேயே உட்கார்ந்திருந்தாள். தானே போய் ஒரு கூடையில் கல்லை அள்ளி முகத்துவாரத்துக்குச் சுமந்து பார்த்தாள் ஒருநாள். யாரும் தடுக்கவில்லை. பாவம், புருஷனை நினைத்து என்னவோ செய்கிறாள் என்று ஒதுங்கி வழி விட்டார்கள், ஒருத்தி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நாலாவது நடையில் கூடையை வழியிலேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

அடுத்த ஆனியில் எல்லம்மாவின் மகன் முகத்துவாரத்தில் போனான். இருபத்தோரு வயசு. பெண்கள் கூடினார்கள். அதற்குள் அந்த ஒப்பாரிக்குப் பூங்காவனத்துப் பாட்டு என்று பேர் வந்திருந்தது, பக்கத்துக் குப்பங்களிலிருந்தெல்லாம் வந்து கற்றுக்கொண்டு போயிருந்தார்கள், ராகத்தில் ஒரு இழுப்பும் நடுவில் இரண்டு அடியும் யாரோ கூட்டியிருந்தார்கள், முன்பைவிட நன்றாகவே இருந்தது. எல்லம்மா மகன் காலடியிலிருந்து தவழ்ந்து வந்து பூங்காவனத்தின் மடியில் விழுந்தாள். அரிவாள் வளைவை மணலில் போட்டுக் காட்டின அதே விரலால் அவள் முகவாயைப் பிடித்தாள்.

“நீ எடுத்துக் குடுக்கா. நீ பாடினாத்தான் என் வயிறு ஆறும்.”

பூங்காவனம் சுற்றிலும் பார்த்தாள். தனபாக்கியம் தலையை விரித்துவிட்டுத் தயாராக இருந்தாள். ஆண்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, அழுவதற்குத் தயாராக நின்றார்கள். அவள் எல்லம்மாவைத் தோளோடு அணைத்துக்கொண்டு, வட்டத்துக்குள் நகர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு முதல் அடியை எடுத்துக் கொடுத்தாள்.